நீ போடாத சிவப்பு வட்டம்

எவ்வளவு கோபத்தில் கூப்பிட்டாலும் "என்னாம்மா" என்று திரும்பிப் பார்க்கிற என் அண்ணா,

நல்லா இருக்கியா என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். செத்துப்போன ஆளிடம் கேட்கிற கேள்வியா அது? நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இன்னமும் மெஷினில் எதாவது தகராறு என்றால் போனை எடுத்து உன் பேரைத் தேடுகிறேன். அப்புறம்தான் ஞாபகம் வருகிறது.

இந்தக் கடிதத்தை உன் படத்துக்கு முன்னால் வைத்துப் படிக்கப்போவதில்லை. நம் வாட்ஸப் குழுவில் போடப்போகிறேன். ஓசூர், பாகலூர், தளி, சூளகிரி என்று வீட்டு மூலையில் சின்னதாக ஒரு சி.என்.சி. மெஷினைக் கட்டி வைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டுகிறவர்கள் எல்லோரும் இருக்கிற அதே குழு. போன ஐப்பசியில் உன் வயரிங்கைப் படம் பிடித்துப் போட்டு உன்னை அசிங்கப்படுத்தியதும் அங்கேதான். அவமானத்தை நாலு பேர் முன்னால் செய்துவிட்டு மன்னிப்பை மட்டும் தனியாகக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

அதற்குப் பிறகு குழுவில் சேர்ந்தவர்களுக்கு உன்னைத் தெரியாது. அவர்களுக்காகச் சொல்கிறேன், நீ குறுக்கே பேசாதே. இவர் முருகேசன், என் அண்ணன். இங்கே ஒரு வண்டிக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். இருபத்திரண்டு வருஷமும் கான்ட்ராக்ட். கம்பெனி ஆளுக்கு ஒரு நிறச் சட்டை, கான்ட்ராக்ட் ஆளுக்கு வேறு நிறச் சட்டை. லைன் நின்றுபோனால் மட்டும் சட்டையின் நிறத்தை யாரும் பார்க்கமாட்டார்கள், முருகேசனைக் கூப்பிடு என்பார்கள். லைன் ஓட ஆரம்பித்ததும் மறுபடியும் நிறம் தெரிய ஆரம்பித்துவிடும்.

நான் வசந்தி. ஒன்பது வருஷம் ஒரு கம்பெனியில் நாள் முழுக்க போர்டில் சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தவள். கண் போதும் போதும் என்றபோது விட்டுவிட்டு வந்தேன். மரத்தில் செதுக்குகிற மெஷின் ஒன்றைக் கட்டலாம் என்று சொன்னது நான். கட்டியது நாம் இரண்டு பேரும். படம் வரைவதும் கம்ப்யூட்டரில் புரோகிராம் போடுவதும் என் பங்கு, வயரிங் உன் பங்கு. ராயக்கோட்டை ரோட்டில் என் வீட்டுக்குப் பக்கவாட்டில் இருந்த தகரக் கொட்டகையில் அது முதல்முதலாக ஒரு பிள்ளையாரைச் செதுக்கி முடித்தபோது நீ கைதட்டினாயே, அப்போது உனக்கு நாற்பத்தாறு வயசு. தும்பிக்கை எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று பார்க்காமலே கைதட்டினாய்.

உன்னிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. மூன்று மோட்டார், ஒவ்வொன்றையும் ஓட்ட டிரைவர் என்று ஒரு போர்டு, அப்புறம் மரத்தை வெட்டுகிற ஸ்பிண்டில். இத்தனைக்கும் உள்ள எர்த் வயர் அத்தனையும் ஒரே ஒரு போல்ட்டில் வந்து சேர வேண்டும் என்பாய். மெஷினின் பின்பக்கம், சுவரை ஒட்டின காலில், இரும்பைப் பளபளவென்று சுரண்டி, பல் வைத்த வாஷர் ஒன்றைப் போட்டு முடுக்கியிருந்தாய். பல் எதற்கு என்று கேட்டேன். "அது இரும்பக் கடிச்சிக்கிட்டு இருக்கணும். எவ்ளோ ஆடினாலும் வுடக் கூடாது" என்றாய். "என்னாத்த வேணா கழட்டு வசந்தி, இந்த போல்ட்ட மட்டும் நான் இல்லாதப்ப தொடாத."

தொட்டேன்.

போன ஆயுத பூஜை. ஊரில் எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் மெஷினைக் கழுவித் துடைத்து பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். உனக்குத்தான் பூஜை வந்தால் லீவு கிடையாது. கம்பெனி ஆட்கள் எல்லாம் பொரி பொட்டலத்தோடு வீட்டுக்குப் போன பிறகு, நின்றிருக்கிற லைனைப் பிரித்து மேய்வது கான்ட்ராக்ட் ஆட்களின் வேலை. நீ வருவதற்குள் நம் மெஷினைப் புதுசாக்கிக் காட்டவேண்டும் என்று எனக்கு ஆசை. மெஷின் என்றால் பச்சையாகத்தான் இருக்க வேண்டும், பழைய லேத்து எல்லாம் அப்படித்தான் இருக்கும் என்று நீ எப்போதோ சொன்னது ஞாபகம் இருந்தது. பச்சை எனாமல் வாங்கி வந்தேன்.

பின்கால் வரை வந்தபோது உன் போல்ட் நின்றது. அதைச் சுற்றி அடித்தால் அசிங்கமாக இருக்கும். கழட்டினேன். வாஷர் துருப்பிடித்த மாதிரி இருந்தது, அதைப் பழைய திருகாணி டப்பாவில் போட்டேன். காலுக்கு இரண்டு கோட்டிங் பச்சை அடித்து, காய்ந்ததும் பளிச்சென்று இருக்கிற சாதா வாஷர் ஒன்றைப் போட்டு, எல்லா வயரையும் வரிசையாக வைத்து முடுக்கினேன். முடுக்கிவிட்டு போல்ட்டின் தலைக்கும் பச்சையில் ஒரு இழுப்பு. அவ்வளவு அழகாக இருந்தது.

மறுநாள் நீ வந்து கொட்டகை வாசலில் நின்றாய். "அடிப்பாவி, ஷோரூம்ல இருந்து வந்தாப்பல இருக்குது" என்றாய். சந்தனம் வைத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாய். "எர்த் போல்ட்ட எதுவும் பண்ணலியே?"

"அத எதுக்கு நான் தொடறன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? நீ அடித்துவிடப் போவதில்லை. ஏசுவாயா என்றால் அதுவும் இல்லை. உன் முகத்தில் அப்போது இருந்த சந்தோஷம் குறையக் கூடாது, அவ்வளவுதான். போல்ட்டைக் கழட்டி மாட்டியாகிவிட்டது, வயர் எல்லாம் அதே இடத்தில் இருக்கிறது, இதில் என்ன கெட்டுவிடும் என்று நினைத்தேன். ஒன்பது வருஷம் சால்டரிங் வைத்தவளுக்குப் பெயிண்டில் கரண்ட் போகாது என்று தெரியாதா? தெரியும். அன்றைக்குத் தோன்றவில்லை.

பூஜை முடிந்து ஓட்டியதும் கோளாறு ஆரம்பித்தது. பாதி வேலையில் தானாக நிற்கும். ஓரத்தைத் தாண்டாமல் நிறுத்துகிற எல்லை சுவிட்சில் இடித்துவிட்டேன் என்று கம்ப்யூட்டர் சொல்லும். போய்ப் பார்த்தால் சுவிட்ச் ஒரு முழம் தள்ளி இருக்கும். அப்புறம் கோடு நகர ஆரம்பித்தது. நேராக வரவேண்டிய ஓரம் நடுவில் ஒரு நூல் விலகிப் போகும். ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது.

ஸ்பிண்டில் சுற்றும்போது வயருக்குள் ஓர் இரைச்சல் கிளம்பும், அது எர்த் வழியாக இறங்கிப் போயாக வேண்டும் என்று நீதான் சொல்வாய். இறங்க வழி இல்லாவிட்டால் அது பக்கத்து வயரில் ஏறி டிரைவருக்குப் போகிற சிக்னலோடு கலந்துவிடும். டிரைவருக்கு என்ன தெரியும் பாவம். நூறு அடி எடுத்து வை என்றால் வைக்கும். நடுவில் யாரோ இரண்டு அடி சேர்த்துச் சொன்னால் அதையும் எடுத்து வைக்கும்.

பத்து நாள், தினமும் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கொட்டகைக்கு வந்தாய். ஸ்பிண்டில் கேபிளைத் தனியாகப் பிரித்து இழுத்தாய். மோட்டார் கேபிளைச் சுற்றியிருக்கிற கம்பி வலையை ஒரு பக்கம் மட்டும் எர்த்தில் கட்டினாய். டிரைவர்களை இடம் மாற்றிப் பார்த்தாய். மீட்டரின் ஒரு முனையை பாக்ஸில் உள்ள எர்த் பட்டையிலும் இன்னொரு முனையை முன்பக்கத்து அலுமினியத்திலும் வைத்தாய். மீட்டர் பீப் என்று கத்தியது. "எர்த் நல்லாத்தான் இருக்குது" என்று நீயே சொன்னாய். மெஷினை இழுத்துப் பின்காலைப் பார்க்க நீ நினைக்கவே இல்லை. நான்தான் தொடவில்லை என்று சொல்லிவிட்டேனே. கண்ணால் பார்க்காத எதையும் நம்பாதே என்று கம்பெனியில் புதுசாக வருகிறவனிடம் எல்லாம் சொல்கிறவன், நான் வாயால் சொன்னதை நம்பினாய்.

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வாய் வார்த்தை. ஆனால் மீட்டர் கத்திவிட்டதே. அந்த பீப் சத்தம் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? போல்ட்டில் ஒன்றும் இல்லை, நான் சொன்ன பொய்யால் எந்த நஷ்டமும் இல்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். போல்ட்டில் இல்லையென்றால் வேறு எங்கே இருக்கும்? உன் வயரிங்கில்தான் இருக்க வேண்டும். அங்கேயிருந்து இங்கே வந்து சேர எனக்கு ரெண்டு நாள்கூட ஆகவில்லை.

உத்தனப்பள்ளிக்காரரின் கதவு ஞாபகம் இருக்கிறதா? புது வீட்டுத் தலைவாசல் கதவு, தேக்கு, நடுவில் கஜலட்சுமி. சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றவர் மத்தியானமே வந்துவிட்டார். சானமாவுப் பக்கம் யானைக் கூட்டம் நிற்கிறதாம், பொழுது சாய்ந்தால் பாரஸ்ட்காரர்கள் ரோட்டை மறித்துவிடுவார்களாம். அதனால் நாற்காலி போட்டு உட்கார்ந்து மெஷின் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். லட்சுமியின் முகத்தை அது இழைத்துக்கொண்டிருந்தது. கடைசி வேலை. கண் முடிந்து மூக்குக்கு வந்தபோது வெட்டுகிற பிட் சடாரென்று விலகி மூக்கிலிருந்து காது வரை ஒரு கோடு கிழித்துக்கொண்டு போனது.

அந்த மனுஷன் எழுந்துவிட்டார். "ஏமம்மா இதி? கிரகப்பிரவேசத்துக்கு மூக்கு அறுந்த லட்சுமியவா வைக்கிறது?" என்னம்மா இது என்று தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தார்.

நான் அவரைப் பார்க்கவில்லை. உன்னைப் பார்த்தேன். "இதோ நிக்கிறாரே, இவர் வயரிங் பண்ண லட்சணம்ங்க இது. கம்பெனியிலயும் இப்பிடித்தான் பண்ணுவாரு போல. அதான் இருபத்திரண்டு வருஷமா உள்ள எடுக்காம வெளியவே நிக்க வச்சிருக்காங்க" என்றேன்.

இந்த வரியை மூன்று தடவை அடித்து அடித்து எழுதினேன். அன்றைக்கு ஒரு தடவைகூட யோசிக்காமல் சொன்னேன்.

நீ என்ன சொன்னாய்? "மொதல்ல ஸ்பிண்டில நிறுத்து வசந்தி, பிட்டு சூடாவுது" என்றாய். அப்புறம் டூல் பையை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டாய். உன் டீ டம்ளர் பாதியோடு மேசையில் இருந்தது.

அதோடு விட்டேனா? மறுநாள் மெஷினைச் சுவரிலிருந்து இழுத்துப் பின்பக்கமாகப் படம் எடுத்தேன். முன்பக்கம் எல்லாம் நீ ஒழுங்காகக் கட்டியிருந்தாய், பின்பக்கம்தான் பத்து நாளும் நீ மேலிருந்து கையை விட்டு இழுத்துச் சோதித்ததில் வயர் கலைந்து தொங்கியது. வேண்டுமென்றே அந்தப் பக்கம் எடுத்தேன். குழுவில் போட்டு, "எங்க அண்ணன் வயரிங். சிரிக்கறதா அழறதா? இதப் பிரிச்சிட்டுப் புதுசா பண்ண நல்ல ஆள் இருந்தா சொல்லுங்க" என்று எழுதினேன். மாரியம்மன் கோயில் சீரியல் லைட் மாதிரி இருக்கிறது என்று ஒருவர் எழுதினார். வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். நானும் ஒன்று போட்டேன். நீயும் குழுவில் இருந்தாய். பார்த்துவிட்டாய் என்பதற்கான நீலக் கோடு வந்தது. பதில் எழுதவில்லை, குழுவை விட்டுப் போகவும் இல்லை.

மூன்றாம் நாள் நீ வந்து கேட்டுக்கு வெளியே வண்டியில் உட்கார்ந்தபடியே நின்றாய். இறங்கவில்லை. நானும் கேட்டைத் திறக்கவில்லை.

"ஒரே ஒருதரம் பின்பக்கம் பாத்துட்டுப் போயிர்றன். சும்மா நிக்கறப்ப மீட்டர் கத்துது, சரி. ஆட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்றாய்.

"நீ பாத்துக் கிழிச்சது போதும்."

ஹேண்டில்பாரில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் தேய்த்தாய். அப்புறம், "அந்தப் பல் வாஷர் எங்க வச்சிருக்க?" என்று கேட்டாய்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உறவே வேண்டாம் என்று சாமானைக் கணக்குப் பார்த்து வாங்கிப்போக வந்திருக்கிறான், ஒரு வாஷரைக்கூட விடவில்லை என்று நினைத்தேன். "உன் சாமான் எதுவும் இங்க இல்ல, போ" என்றேன். நீ வண்டியைக் கிளப்பினாய். உயிரோடு உன் முகத்தை நான் பார்த்தது அதுதான் கடைசி.

தீபாவளிக்கு நீ வரவில்லை. பொங்கல் சீரை அண்ணியிடம் கொடுத்தனுப்பினாய். வாசலிலேயே வாங்கிக்கொண்டேன், உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

மாசி மாதம், ராத்திரி ஷிப்டோடு சேர்த்து முதல் ஷிப்டும் முடித்துவிட்டு வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் தலை சாய்த்து இருந்தாயாம். மத்திகிரி வந்தது. மாட்டுப் பண்ணை ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கினார்கள். உன்னை யாரும் எழுப்பவில்லை. "டபுள் டூட்டி பாத்த ஆளு, கொஞ்சம் தூங்கட்டும், ஷெட்டுல எழுப்பி வுட்டுருவாங்கன்னு விட்டுட்டங்க்கா" என்று உன்னோடு வருகிறவர் என்னிடம் சொன்னார். இரக்கப்பட்டு விட்டார்களாம். பஸ்ஸை ஷெட்டில் நிறுத்திவிட்டுப் பெருக்க வந்தவர்தான் உன் தோளைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். கம்பெனியிலிருந்து வந்த மாலையில் கம்பெனி பேர் இல்லை, கான்ட்ராக்டர் பேர்தான் இருந்தது. செத்த பிறகும் சட்டை நிறம் மாறவில்லை அண்ணா.

அண்ணி என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "அவரு கை வச்ச எதையும் இனிமே நீ தொடாத." உன் மீட்டரையும் டூல் பையையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். மெஷினுக்குத் தார்ப்பாய் போட்டு மூடினேன். கதவு போன சங்கதி பரவியதால் யாரும் வேலை கொண்டு வரவும் இல்லை.

ஆனால் எத்தனை நாள் மூடி வைப்பது? என் பிழைப்பு அதில்தான் இருக்கிறது. போன வாரம் இசக்கி என்பவர் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பெரிய சி.என்.சி. மெஷின்களுக்கு சர்வீஸ் பண்ணுகிறவர். உன் வயரிங்கை மொத்தமாகப் பிரித்துப் புதுசாகப் போட வேண்டும் என்று சொல்லித்தான் கூப்பிட்டேன். பாக்ஸைத் திறந்தார். ஒவ்வொரு வயரிலும் நீ மாட்டியிருந்த நம்பரை விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

"இதையா பிரிக்கச் சொல்லுதீங்க? யாரு போட்டது இது?" என்றார்.

"எங்க அண்ணன்."

"கையெடுத்துக் கும்பிடலாம்க்கா. இத நான் பிரிக்க மாட்டேன். கோளாறு வேற எங்கயோ கெடக்கு."

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நீ வைத்த அதே இரண்டு இடத்தில் மீட்டரை வைத்தார். பீப் என்று கத்தியது. மீட்டர் முனைகளை என்னிடம் பிடிக்கச் சொல்லிவிட்டு, ரப்பர் சுத்தியலால் மெஷினின் காலில் ஒரு தட்டுத் தட்டினார். சத்தம் விட்டுப்போனது. இன்னொரு தட்டு. வந்தது. இன்னொன்று. போனது. விக்கல் எடுத்த மாதிரி விட்டு விட்டுக் கத்தியது. ஆட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்று கேட்டுக்கு வெளியே நின்று நீ சொன்னது இதைத்தானே?

இருவருமாக மெஷினை இழுத்தோம். இசக்கி குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "பெயிண்ட் மேல வச்சு முடுக்கியிருக்கே. மரையோட ஓரத்துல லேசாத் தொட்டுக்கிட்டு நிக்கி. சும்மா கெடந்தா தொடும், ஓடினா விடும். இங்க பல் வாஷர்லா இருந்திருக்கணும்? அது எங்கக்கா?" என்றார்.

அதே கேள்வி. நீ கேட்ட அதே கேள்வி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு நீ சாமான் கேட்டு வரவில்லை. போல்ட்டை நான் கழட்டியதும், வாஷரை மாற்றியதும், உன்னிடம் பொய் சொன்னதும், எல்லாம் தெரிந்துதான் வந்து நின்றிருக்கிறாய். ஆனால் உனக்கு எப்படித் தெரிந்தது? பின்பக்கத்தை நீ பார்க்கவே இல்லையே?

திருகாணி டப்பாவைக் கொட்டினேன். உன் வாஷர் அடியில் கிடந்தது, பல் எல்லாம் அப்படியே இருந்தது. பச்சையைச் சுரண்டியதும் உள்ளே இரும்பு வெள்ளையாக வந்தது. வாஷரைப் போட்டு முடுக்கினோம். கெட்டுப்போன லட்சுமியின் அதே புரோகிராமை ஒரு வேப்பம்பலகையில் ஓட்டினேன். நாலு மணி நேரம் ஓடியது. ஒரு நூல்கூட விலகவில்லை. மூக்கு, காது, தாமரை, யானையின் தும்பிக்கை எல்லாம் சுத்தமாக வந்தது. "பாத்தீங்களா, மனுஷன் போட்ட வயரிங்!" என்றார் இசக்கி. நான் வெளியே போய் பைப்பைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் மத்திகிரிக்குப் போனேன். அண்ணி இப்போது ரோஜாப் பண்ணையில் பூத் தரம் பிரிக்கிற வேலைக்குப் போகிறார். அப்போதுதான் வந்திருந்தார், விரலெல்லாம் முள் குத்தி பிளாஸ்திரி. உட்கார் என்று சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பெயிண்ட், போல்ட், வாஷர், நான் சொன்ன பொய். அண்ணி பிளாஸ்திரியைப் பிய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இது அவருக்குத் தெரியும்" என்றார்.

"எப்பிடி அண்ணி?"

"நீ குரூப்புல போட்டியே ஒரு படம், அதுலதான். செல்போன என்கிட்ட கொண்டாந்து பெருசு பண்ணிக் காமிச்சாரு. 'பாரு, மூலையில தெரியுது பாரு, பெயிண்ட் மேலயே முடுக்கி வச்சிருக்கறா. என் வாஷரையும் காணம். கேட்டா தொடலன்னு சொன்னா'ன்னாரு. நான் சொன்னன், அது மேலயே செவப்புல ஒரு வட்டம் போட்டு அந்த குரூப்புல வுடுங்க, சிரிக்கறவன் எல்லாம் வாய மூடுவான்னு."

"அதுக்கு?"

"'வட்டம் போட்டா அவ பொய் சொன்னது எல்லாத்துக்கும் தெரிஞ்சிரும். நாளைக்கு அந்த மெஷின வச்சுத்தான அவ பொழைக்கணும். நான் நேர்ல போயி சத்தமில்லாம சரி பண்ணிட்டு வந்தர்றன்'ன்னாரு. வந்தாரு. நீ கேட்டயே தொறக்கல."

உன்னை அசிங்கப்படுத்த நான் எடுத்த படத்துக்குள்ளேயே நீ குற்றமற்றவன் என்பதற்கான அத்தாட்சி இருந்திருக்கிறது. நூறு பேர் பார்த்துச் சிரித்தார்கள். நீ ஒருவன்தான் ஒழுங்காகப் பார்த்தாய்.

இதைக் கேட்டு எனக்கு உருகவில்லை அண்ணா. கோபம்தான் வருகிறது, இப்போதும். யார் கேட்டார்கள் இந்தப் பெருந்தன்மையை? ஒரு வட்டம் போட்டிருந்தால் என்ன? நான் ரெண்டு நாள் குதித்திருப்பேன். மூன்றாம் நாள் வாஷரை மாட்டியிருப்பேன். நாலாம் நாள் உன் வீட்டுக்கு வந்து சோறு போடுங்கள் அண்ணி என்று உட்கார்ந்திருப்பேன். நான் தலை குனியக் கூடாது என்று நீ நாலு மாதம் தலை குனிந்து அந்த பஸ்ஸில் போய் வந்தாயே, அது என் மேல் பாசமா, இல்லை என்னை நம்ப முடியவில்லையா? கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து என் கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால் இன்றைக்கு உன்னை மன்னித்திருப்பேன். இப்போது யார் யாரை மன்னிப்பது?

கிளம்பும்போது அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "என்கிட்ட அழுது பிரயோசனம் இல்ல வசந்தி. அவரு போடாத வட்டத்த நீ போடு." மீட்டரைத் தருவார் என்று உள்ளுக்குள் கொஞ்சம் எதிர்பார்த்தேன். தரவில்லை. தராததுதான் சரி.

குழுவில் உள்ளவர்களே, அன்றைக்கு நீங்கள் பார்த்துச் சிரித்த அதே படத்தை மறுபடியும் கீழே போட்டிருக்கிறேன். தொங்குகிற வயரைப் பார்க்காதீர்கள். கீழ் மூலையில், பச்சைக் காலில், சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன். பெயிண்டின் மேல் முடுக்கிய அந்த போல்ட் நான் செய்த வேலை. கேட்டபோது தொடவில்லை என்று சொன்னதும் நான்தான். என் அண்ணன் வயரிங்கில் தப்பே இல்லை. இந்த வாரம் உங்கள் மெஷினுக்கும் பெயிண்ட் அடிப்பீர்கள். எர்த் போல்ட்டைத் தொட்டிருந்தால் தொட்டேன் என்று சொல்லிவிடுங்கள், அதைப் போட்டவர் உயிரோடு இருக்கும்போதே.

அண்ணா, இந்த ஆயுத பூஜைக்கு நான் பெயிண்ட் அடிக்கப்போவதில்லை. அந்தக் கால் சுரண்டினது சுரண்டினபடி வெறும் இரும்பாகவே இருக்கும், பொட்டுகூட அதன் மேல் வைக்கமாட்டேன். அழகாக இல்லையே என்று யாராவது கேட்டால், ஏன் என்று முதலிலிருந்து சொல்வேன், என் பேரோடு சொல்வேன். கேட்கிற ஒவ்வொருவரிடமும், ஒவ்வொரு வருஷமும். மூக்கு அறுந்த லட்சுமி இன்னமும் கொட்டகையில் சுவரில் சாய்ந்து நிற்கிறாள், அவளையும் எடுக்கமாட்டேன்.

நீ இன்னமும் இந்தக் குழுவில் இருக்கிறாய். உன் எண்ணை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை, எடுக்க நானும் விடமாட்டேன். இதற்கு நீலக் கோடு வராது என்று தெரியும்.

கேட்டைத் திறந்து வைத்திருக்கிறேன்.

போல்ட்டைத் தொட்ட,
உன் தங்கச்சி வசந்தி